மூணு நாள் பால்

எங்க செவலை மாட்டுக்குத் தாடை வீங்குனதுக்கு நான்தான் காரணம். வேற யாரையும் சொல்லிக் குத்தமில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா குமராட்சியில மாட்டு முகாம் போட்டு பூச்சி மருந்து ஊத்துவாங்க. ரெண்டு முகாம் வந்துட்டுப் போச்சு, ரெண்டுக்கும் நான் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போவல. ஒருக்கா எனக்குக் காச்சல்னேன், ஒருக்கா தேதி மறந்துட்டேன்னேன். ரெண்டும் பொய்.

நெசம் என்னான்னா, அந்த மருந்தை ஊத்துனா மூணு நாளைக்குப் பாலை மனுசங்க குடிக்கக் கூடாது. பால் இல்லன்னா சிதம்பரத்துக்கு மினி பஸ் ஏற எனக்கு என்னா சாக்கு இருக்கு? அங்க நாலு வூட்டுக்கு ஊத்துறேன். மூணு வூடு எங்க வூட்டுக்காரரு சிங்காரத்துக்குத் தெரியும். நாலாவது எம் பொண்ணு அருள்மொழி வூடு.

ரெண்டாயிரத்து எட்டுல அவ சார்லசைக் கட்டிக்கிட்டா. செல்போன் கடையில வேலை, தங்கமான புள்ள. சர்ச்சுக்குப் போறவன், அவ்ளோதான் குத்தம். அதுக்கு எங்க வூட்டு மனுசன் கற்பூரத்தை ஏத்தி வெச்சு, அவ வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நானும் இந்த ரெண்டு வருசமா மிதிக்கல. கேட்டுக்கு வெளியிலயே நின்னு பால் ஊத்துறேன். அவளுக்கு இப்ப ஏழு மாசம். வயித்தைத் தூக்கிக்கிட்டு மெதுவா நடந்து வருவா. பாத்திரத்தை வாங்கிக்கிட்டு, எங் கேனை வெந்நீர் ஊத்தி அலசி, மூடிமேல வெள்ளைத் துணி கட்டிக் குடுப்பா. அஞ்சு நிமிசம். என் ஒரு நாளு பூரா அந்த அஞ்சு நிமிசந்தான். அதுல மூணு நாளை எவ வுடுவா?

அதுக்குள்ள செவலை எலும்பும் தோலுமா ஆயிடுச்சு. தண்ணியா கழிஞ்சுது, தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குச்சு. சிங்காரம் கத்துன கத்து தெருவுக்கே கேட்டுச்சு. "வாயில்லா ஜீவனை ஏண்டி இப்புடி வெச்சிருக்க?" எனக்கு வாய் இருந்தும் ஒண்ணும் சொல்லல.

அடுத்த முகாமுக்கு அவுரே ஓட்டிக்கிட்டுப் போனாரு. நானும் பின்னாலயே போனேன். சுவேதா டாக்டரு சாணியை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தாங்க. "தட்டைப்புழும்மா. வெள்ளம் நின்ன எடத்துல, நத்தை இருக்கற புல்லை மேஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா ஈரலே போயிருக்கும்." சிங்காரம் மாட்டுத் தலையைத் தூக்கிப் புடிக்க, கடைவாயில பாட்டிலை வுட்டு, பொரை ஏறாம மெதுவா ஊத்துனாங்க. செவலை என்னையே பார்த்துச்சு. எனக்கு வெக்கமா போச்சு.

"மூணு நாள் பாலைக் கறந்து கீழ ஊத்திடுங்க. புள்ளத்தாச்சிங்க வூடு இருந்தா மறந்தும் குடுத்துடாதீங்க"ன்னாங்க டாக்டரு. எனக்கு அருள்மொழி ஞாபகந்தான் வந்துச்சு. சிங்காரம் மாட்டுக் கயித்தை அவுத்துக்கிட்டு இருந்தாரு.

மறுநாள் காலையில பாலை எருக்குழியில கொட்டிட்டு உக்காந்திருக்கேன். பார்த்தா அவுரு பக்கத்து வூட்டு மலர்க்கொடிகிட்ட பால் வாங்கிக் கேனை ரொப்பிக்கிட்டு வர்றாரு. வேலித் தகராறுல அவகூட எனக்குப் பேச்சு வார்த்தையே கெடையாது.

"குடுங்க, நான் போறேன்."

"நீ மாட்டைப் பாரு தைலு. நான் ஊத்திட்டு வர்றேன். எந்தெந்த வூடு?"

மூணு வூட்டைச் சொன்னேன். நாலாவதை மட்டும் வுட்டுட்டேன். சொன்னா, அந்த கேட்டுப் பக்கமே என்னைப் போவ வுட மாட்டாரு.

அவுரு போனதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. புள்ளத்தாச்சிப் பொண்ணு கேட்டாண்டயே எவ்ளோ நேரம் நின்னாளோ, அம்மாவுக்கு என்னா ஆச்சோன்னு தவிச்சாளோ. தனியா உக்காந்து அழுதேன்.

மத்தியானம் திரும்பி வந்தாரு. கேனை வெச்சிட்டுக் குளிக்கப் போயிட்டாரு. எடுத்துப் பார்த்தேன். சுத்தமா அலசியிருந்துச்சு. மூடிமேல வெள்ளைத் துணி.

அடப்பாவி மனுசா! எத்தினி நாளா தெரியும் உனக்கு?

நான் கேக்கல. அவுரும் சொல்லல. ரெண்டாம் நாள் பையில நாலு மாங்கா போட்டுக்கிட்டாரு. "எதுக்கு?"ன்னேன். "பஸ்ல யாராவது கேட்டா குடுக்கலாம்"னாரு. மூணாம் நாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டாரு. பால் ஊத்த இஸ்திரி சட்டை!

நாலாம் நாள் விடிஞ்சுது. செவலைக்கு வீக்கம் வத்த ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னைக்கு எம் பொண்ணைப் பார்ப்பேன்னு சீவி முடிச்சு, பால் கறந்து, கேனைத் தூக்குனேன். அவுரு குறுக்க வந்து நின்னாரு.

"அவசரப்படாத தைலு. டாக்டரு அஞ்சு நாளுன்னுல்ல சொன்னாங்க?"

மொகத்தை எங்கியோ வெச்சுக்கிட்டு சொல்றாரு. மூணு நாளுன்னு டாக்டரு சொன்னப்ப பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நல்லா கேட்டிருப்பேன். ஆனா நான் தெனம் அஞ்சு நிமிசமாவது பார்த்தேன். அந்த மனுசன் ரெண்டு வருசமா பார்க்கலியே.

"ஆமாங்க, அஞ்சு நாளுதான் சொன்னாங்க"ன்னேன்.

உள்ள போயி, அரிசிப் பானையில ஒளிச்சு வெச்சிருந்த கண்ணாடி வளையல் ரெண்டு டஜனை எடுத்தாந்து அவுரு பையில வெச்சேன்.

"கேட்டாண்ட நின்னு குடுக்காதீங்க. உள்ள போயி, உக்காந்து, உங்க கையால போட்டு வுட்டுட்டு வாங்க. சத்தியம் பண்ணது நான்தான். நீங்க இல்ல."

அவுரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டே மலர்க்கொடி வூட்டுப் பக்கம் போனாரு.

நான் கறந்த பாலைப் பார்த்தேன். நல்ல பாலு. கன்னுக்குட்டி முன்னாடி வெச்சேன், பூராவையும் அதுவே குடிச்சுது.