மாமனாரின் சிவப்பு அங்கி

மாமனார் இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் யாரும் தாத்தா வேஷம் போடவில்லை. துக்க வீட்டில் வேஷம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அடுத்த மாதமே மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். மச்சானுக்கு வேலை போனது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. மாமியார் படுக்கையில் கிடந்தபடியே இத்தனையையும் ஒரே நூலில் கோத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தாத்தா வந்து ஒவ்வொரு அறையிலும் மணியடித்துவிட்டுப் போகாவிட்டால் அந்த வீட்டில் நல்லது தங்காது. சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்டதாம். இத்தனை வருஷம் மாமனார் தவறாமல் போட்டு வந்ததால் சோதித்துப் பார்க்க வாய்ப்பில்லாமல் போய்விட்டதாம்.

மறுவருஷம் யார் போடுவது என்ற பேச்சு வந்ததும் மச்சான் தனக்கு மூச்சிரைப்பு என்று நழுவிக்கொண்டான். மிச்சமிருந்த ஆண்பிள்ளை மாப்பிள்ளைதான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஊதினால் பறக்கிற உடம்பு. மாமனாரோ வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. இரண்டு தலையணையை வயிற்றில் வைத்து பெல்ட்டால் இறுக்கி, அவருடைய சிவப்பு அங்கியை இவனுக்கு மாட்டிவிட்டார்கள். ஒரு வருஷம்தானே என்று இவனும் தலையாட்டினான். அது வருஷாவருஷம் தொடர்ந்தது.

வேஷத்துக்கு மாமியார் சட்டங்கள் வைத்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் போட வேண்டும். போட்டபின் யாரும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடக் கூடாது. அவனும் சொந்தக் குரலில் பேசக் கூடாது. அடித்தொண்டையில் 'ம்' கொட்டலாம். பொழுது சாய்ந்து வாசல் நட்சத்திரத்துக்கு விளக்குப் போடும்வரை தாடியில் கை வைக்கக் கூடாது. கழற்றுவதும் மாமியார் கையால்தான்.

முதல் தடவை மாமியார் கோப்பையை நீட்டி, "என்னங்க, டீ சூடு போதுமா?" என்றபோது அவன் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். அடுத்த வருஷம் அவனை மாமனாரின் நாற்காலியில் உட்காரவைத்து வருஷத்துக் குறையெல்லாம் கொட்டினார். அதற்கடுத்த வருஷம் அவனைப் பற்றிய குறையே வந்துவிட்டது.

"உங்க மாப்பிள்ளைகிட்ட ஒரு பல்பு மாத்தச் சொன்னா ஒரு வாரம் இழுக்கிறார். ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் ஓடுது. நம்ம வீட்டு மிக்ஸி ஓடல."

தாடிக்குள்ளிருந்து அவன் 'ம்' என்றான். சமையலறையில் அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த வருஷம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் டயாலிசிஸ் நர்ஸ். துறைமுக ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது; மே மாதம் சேர வேண்டும். அங்கே வீடும் பேசி முடித்தாயிற்று. கல்யாணமானதிலிருந்து இருவரும் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். நாற்காலியை இழுத்தால்கூடக் கீழேயிருந்து "என்ன விழுந்துச்சு?" என்று குரல் வரும். கிளம்பப் போவதை மட்டும் மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் முடியட்டும் என்றாள். அது முடிந்தது. கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றாள்.

"இந்த வருஷத்தோட சரி," என்று தலையணையை அமுக்கினாள்.

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"போன வருஷம் வேலை கிடைக்கலையே. மூச்சை உள்ள இழுங்க."

அவன் இறங்கி வந்தபோது கூடத்தில் மாமியார் மட்டும் இருந்தார். மச்சானும் அவன் பிள்ளைகளும் வாசலில் ஏணி போட்டு நட்சத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கியில் அந்துருண்டை வாசனை. அதற்கடியில், எத்தனை துவைத்தும் போகாத மாமனாரின் தலையெண்ணெய் வாசனை. கழுத்து அதற்குள் அரிக்கத் தொடங்கியிருந்தது. மாமியார் அவனை நாற்காலியில் உட்காரவைத்து டீயையும் கேக்கையும் வைத்தார். பிறகு, எந்த வருஷமும் செய்யாததாக, கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க."

"ம்."

"மாடியில அட்டைப்பெட்டி சேருது. கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காங்க. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே ஏறிப் போய்ப் பார்த்தேன்."

கேக்கை எடுக்க நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான்.

"பொண்ணு சொல்லல, அவளுக்குப் பயம். மாப்பிள்ளையும் சொல்லல. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கு மாடியில நடமாட்டம் கேட்டாத்தான் தூக்கம் வருது, அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?" முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. போகக் கூடாதுன்னா போகக் கூடாது. போகட்டும்னா போகட்டும். எதுன்னாலும் உங்க வாயால வந்தா நான் கேட்டுக்கறேன்."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். முதலில் ஜோக் அடிப்பார்கள். அப்புறம் கம்பெனியைத் திட்டுவார்கள். அப்புறம் பேச்சு நின்றுவிடும். இந்த நாற்காலியில் அவனுக்கு ஜோக்கும் திட்டும் எப்போதோ முடிந்து போயிருந்தன. உள்ளே பனியன் நனைந்து தலையணையோடு ஒட்டிக்கொண்டது. எதிரே கதவு சாத்தியிருந்தது.

அடித்தொண்டையில் 'போகட்டும்' என்று ஒரு வார்த்தை போதும். சண்டையில்லை, அழுகையில்லை. அவன் வாயைத் திறந்தான். செத்தவர் கையெழுத்தைத் தான் போடுவதுபோல இருந்தது. சட்டென்று தாடியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டான்.

"அத்தை, மே மாசம் போறோம். உங்ககிட்டச் சொல்லாதது எங்க தப்புதான்."

மாமியார் அவனைப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"நான் உங்ககிட்டக் கேக்கல, மாப்பிள்ளை."

எழுந்து வந்தார். தாடியை மேலே தூக்கி, எலாஸ்டிக்கைக் காதுக்குப் பின்னால் மாட்டி, மீசையை நடுவில் வைத்து விரலால் நீவிவிட்டார்.

"நட்சத்திரத்துக்கு இன்னும் விளக்குப் போடல," என்றார். மறுபடி உட்கார்ந்தார். "இப்பச் சொல்லுங்க."

அவன் அசையவில்லை. எழுந்து போயிருக்கலாம்; யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள் தன்மேல் இல்லை, தன்னைத் தாண்டி வேறொருவர்மேல் இருக்கின்றன என்று தெரிந்தது. மாமனாரையும் இழுத்துக்கொண்டு எப்படி எழுந்து போவது? டீயில் ஆடை படிந்தது. வாசலில் மச்சான் யாரையோ ஏணியைப் பிடிக்கச் சொல்லி அதட்டினான். அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடியில் மறைந்தது. அது வியர்வையா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

கடைசியில் மாமியார் ஆறிப்போன டீக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். வேணும்ங்கிற நேரத்துல வாயைத் திறந்ததே கிடையாது. எல்லாத்தையும் நானேதான் முடிவு பண்ணணும்." முழங்காலில் கையூன்றி எழுந்து கதவைத் திறந்தார். "வாங்க, மணி அடிக்கலாம்."

அவன் ஒவ்வொரு அறையிலும் மணியடித்தான். மச்சான் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். மாடிக்கும் மாமியார் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறி வந்தார். அறை நடுவில் அவன் மணியை ஆட்டிவிட்டுத் திரும்பியபோது, "அங்கயும்," என்று கட்டிலுக்கடியைக் காட்டினார். வயிற்றுத் தலையணை இடிக்க, அவன் மண்டிபோட்டுக் குனிந்து பெட்டிகளுக்கு நடுவே மணியை ஆட்டினான். கதவோரத்தில் நின்ற மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

பொழுது சாய்ந்தது. நட்சத்திரம் எரிந்தது. மாமியார் தாடியைக் கழற்றிவிட்டார்.

மாடியில் மனைவி அவன் கழுத்தில் தடித்திருந்த இடமெல்லாம் எண்ணெய் தடவினாள். நடந்ததைக் கேட்டதும் கை நின்றது.

"ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. இப்ப எப்படிப் போறது?"

அவனுக்கும் அதேதான். யாரும் தடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கால் கனத்தது. ஆனால் இன்னொரு வருஷம் அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது என்றும் தெரிந்தது.

"வா," என்றான். "நம்ம வாயாலேயே சொல்லிடுவோம். இன்னிக்கே."

கீழே மாமியார் மறுநாள் விருந்துக்குத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் சொல்லி முடிக்கும்வரை துடைத்தார். பிறகு, "அந்த வீட்டுல தண்ணி எப்படி?" என்றார்.

மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். மாமியார் ஜன்னலைக் கேட்டார், சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டார், பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டார். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அதற்காக அவன் காத்துப் பார்த்துவிட்டு, தானே சொன்னான்.

"நீங்களும் எங்களோட வந்துடுங்க, அத்தை."

"எனக்கெதுக்கு?" என்றார் மாமியார். "எனக்கு வீடு இருக்கு."

அடுக்கிய தட்டுகளை அவன் கையில் கொடுத்து, மேல் அலமாரி எனக்கு எட்டாது, வைத்துவிடுங்கள் மாப்பிள்ளை என்றார்.