நாலு செடிக்கு மட்டும் மழை

சக்திவேலுக்குப் பைத்தியம் என்று நான் சொல்வது புதிதல்ல. மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன் கல்யாணம், சீர், பாஸ்போர்ட் சைஸ் என்று பிழைப்பைப் பார்த்தால் போதாதா? முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் என் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வான். செம்மநத்தம் போ, அங்கே பனி எப்படி இறங்குகிறது பார்க்கலாம் என்பான். டீசலும் என்னுடையது, திட்டும் என்னுடையது. ஆனாலும் போவேன்.

அவன் பைத்தியத்திலேயே பெரிய பைத்தியம் காப்பிப் பூ. மாசியில் ஒரு நல்ல மழை பெய்தால், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மலை முழுக்க ஒரே காலையில் வெளுத்துப்போகும். அடுத்த இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். அந்தக் காலையில் கொட்டச்சேட்டுக்குக் கீழே உள்ள எஸ்டேட்டில், ரோட்டோரத்து வரிசையில் தன் மனைவி கனகாவை நிறுத்தி ஒரே ஒரு படம் எடுப்பான். கல்யாணமான வருஷத்திலிருந்து தப்பியதில்லை. படங்களை ஸ்டுடியோவின் உள்சுவரில் வரிசையாக மாட்டி, அடுத்த வருஷப் படத்துக்கு ஓர் ஆணியையும் முன்கூட்டியே அடித்துவைப்பான்.

எங்கள் மூன்று பேருக்கும் அது திருவிழா. கனகா தக்காளிச் சோறு கட்டிக்கொண்டு வருவாள். எஸ்டேட் கூலியாட்களின் லைன் வீட்டில் பிறந்து, அம்மாவோடு பழம் பறித்து வளர்ந்தவள் அவள். எங்களுக்கு வாசனையாகத் தெரிவது அவளுக்கு வரப்போகும் வேலையாகத் தெரியும். சக்திவேல் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம் எடப்பக்கம்" என்று கையைக் காட்டுவான். அவள் வேண்டுமென்றே வலப்பக்கம் நகர்வாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அதனால் அவனுக்கு நான் மச்சான்.

போன ஐப்பசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அதன் பிறகு சேலத்துக்கு என் ஜீப் மலைப்பாதை வளைவுகளில் எத்தனை முறை இறங்கி ஏறியதோ, எனக்கே தெரியாது. தை முடியும்போது டாக்டர், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மாசி பிறந்தது. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிக் கிடந்தது.

சக்திவேல் கடையைத் திறக்கவில்லை. வாசலில் நின்று மேகம் தேடினான். அவள் கண் மூடுவதற்குள் பூ வரவேண்டும், அந்த ஆணியில் அவள் படம் ஏறவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. ஒரு காலை என்னிடம் வந்தான்.

"மச்சான், மழை வராட்டிப் போவுது. அவ நிக்கிற எடத்து நாலு செடிக்கு மட்டும் நாம தண்ணி ஊத்துவோம்."

நான் கத்தினேன். தண்ணீர் பாய்ச்சிப் பூ வரவைக்கிற எஸ்டேட்டுகள் உண்டு. அதற்கு மோட்டாரும் பைப்பும் குளமும் வேண்டும், குடத்தில் ஊற்றுகிற காரியமா அது என்றேன். அரைகுறைத் தண்ணீர் காட்டினால் மொக்கு ஏமாந்து விழித்து, பாதியில் நின்றுவிடும். அந்த வருஷத்துக்கு அந்தச் செடி அவ்வளவுதான். இது மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டவனிடம் நான் என்ன சொல்வது? எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மாதேஸ்வரனிடம் போய் நின்றோம். நாலு செடியின் காய் போனால் முதலாளிக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாக, எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

ஓடையில் டிரம்மை நிரப்பி ஜீப்பில் ஏற்றி வந்து, இரண்டு பேரும் குடம் குடமாக முதுகு ஒடிய ஊற்றினோம். மண் அத்தனையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. சில நாளில் மொக்கு லேசாக நீண்டது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவன் நாள் குறித்த காலையில், கனகாவைப் போர்வை சுற்றித் தூக்கி வந்து ஜீப்பில் படுக்கவைத்தோம். பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். போய்ச் சேர்ந்தோம். பூ விரியவில்லை. மொக்குகள் பாதி வாய் திறந்து, பச்சையும் செம்மையுமாக விறைத்து நின்றன. வாசனை துளியும் இல்லை. சுற்றிலும் காய்ந்த மண், நாலு செடியின் தூரில் மட்டும் ஈரம்.

கனகா அந்த ஈரத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரின் கொப்புளம் வெடித்த கைகளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க ஊத்துன குடத்தண்ணிக்கு இது பூத்துருமுங்களா?" என்று கேட்டாள். குரலில் பழைய கிண்டல் அப்படியே இருந்தது. சக்திவேல் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அவள் கொஞ்ச நேரம் அவனை அழவிட்டாள்.

"சரி, உடுங்க. இத்தன வருசமும் பூவுக்குள்ள என்னயத் தேடித்தான் பாக்கோணும். இந்தப் படத்துலயாச்சும் நான் தெரியறனுங்க. எடுங்க, நொம்பக் குளுருது."

நாங்கள் தாங்கி இறக்கிவிட, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கையைக் காட்டினான். அன்றைக்கு அவன் காட்டியபடியே அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். எனக்குத் தாங்கவில்லை, ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த வாரமே போய்விட்டாள். பால் தெளித்துவிட்டு வீடு திரும்பிய சாயங்காலம், இடித்துக்கொண்டு மழை கொட்டியது. நான் ஜீப்பில் உட்கார்ந்து வானத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அதற்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

கருமாதிக்கு முன்னால் ஒரு காலை வாசனை ஒண்டிக்கடை வரை வந்துவிட்டது. சக்திவேல் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து ஏறினான். எங்கே என்று நான் கேட்கவில்லை. பின் சீட்டில் சோற்றுத் தூக்கு இல்லை.

சரிவு முழுக்க வெள்ளை. ரோட்டோரத்தில் எங்கள் நாலு செடி மட்டும் பச்சை. விறைத்த மொக்கெல்லாம் உதிர்ந்து, ஒரு பூகூட இல்லாமல் நின்றன. அத்தனை பூவுக்கு நடுவில், சரியாக அவள் நிற்கிற இடம் மட்டும் பூக்கவில்லை. அவன் வழக்கமான இடத்தில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தான். "கொஞ்சம் எடப்பக்கம்" என்று கையைக் காட்டினான். காட்டிய கை அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் அந்தப் படத்தை எடுத்தான்.

ஸ்டுடியோச் சுவரில் இருந்த கடைசி ஆணியில் கனகாவின் கடைசிப் படம் தொங்கியது. இந்தப் படத்துக்கு ஆணி இல்லை. சக்திவேல் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்க முடியாமல் நின்றான். அதை வாங்கி நான்தான் அடித்தேன்.