யாரும் கடக்காத சாலை

தேவாலயத்தின் வாகன நிறுத்தத்தில் வரிசையாக நின்ற கார்களின் கூரைகளில் வெண்டல் ஊதா நிறக் கொடிகளை ஒட்டிக்கொண்டே வந்தார். அடியில் காந்தம் வைத்த சிறிய கொடிகள். லார்க்வுட் நகரத்தில் இறுதி ஊர்வலங்களை நடத்துவது அவருடைய நிறுவனம்தான். சவ ஊர்திக்கு நேர் பின்னால் நின்ற கீத்தின் காருக்கு வந்ததும் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க சொன்ன மாதிரி சுத்துவழியாவே போயிரலாங்க. போலீஸ்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

மறுபக்கம் காரில் ஏறப்போன கீத்தின் அக்காள் ரோண்டா, உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள்.

"என்ன சுத்துவழி?"

கீத் பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

"உன்னத்தான்டா கேக்குறேன். கார்டினல் சாலையில போனா கல்லறை நேரா வந்துரும். எதுக்கு ஊரச் சுத்தணும்?"

"அந்த வழி வேணாம்னு தோணுச்சு. பின்னாடி வர்றவங்க சங்கடப்படுவாங்க."

"பின்னாடி வர்றவங்களா, நீயா?"

"ரோண்டா, ஏறு. எல்லாரும் பாக்குறாங்க."

போன வாரம், வெயில் பளிச்சென்று அடித்த ஒரு முற்பகலில், அவர்களுடைய அம்மா வெர்னா கார்டினல் சாலையில் அடிபட்டுச் செத்தாள். பால் வாங்கப் போனாள். அவள் குடியிருந்த அடுக்ககத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே மளிகைக் கடையின் பெயர்ப்பலகை தெரியும். நடுவில் ஆறு தடச் சாலை. கண் மங்கியதால் ஓட்டுநர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். லார்க்வுட்டில் பேருந்து கிடையாது. சிக்னல் உள்ள சந்திப்பு வெகுதூரம் தள்ளி இருந்தது, அதுவரை நடைபாதையும் இல்லை. உள்ளூர்ச் செய்தித்தாள் நான்கு வரி எழுதியது: கடக்கும் கோடு இல்லாத இடத்தில் மூதாட்டி கடந்தார், அடர்நிற மேலங்கி அணிந்திருந்தார்.

கீத் நகராட்சியின் சாலைத் துறையில் பொறியாளர். நவம்பரில், நன்றி நவிலும் நாளின் வான்கோழி விருந்தின்போது, "எங்க வீட்டு வாசல்ல ரெண்டு வெள்ளைக் கோடு போடேன்டா" என்று அம்மா அவனிடம் கேட்டிருந்தாள். அவன் மென்றுகொண்டே, "ஆள் வச்சு எண்ணிப் பாத்துட்டோம்மா, அங்க யாரும் கடக்கிறதில்ல" என்றான். "நான் கடக்கிறேனே" என்றாள் அம்மா. அதை அவன் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டான்.

"ஆள் கடந்தாத்தான் கோடு போடுவோம்னு சொன்னியே," என்றாள் ரோண்டா. "கடந்துட்டாங்க. இப்பப் போடு."

"வருஷத்துக்கு ஒருதடவ ஒரேகான்லருந்து பறந்து வர்றவ பேசுற பேச்சா இது? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவங்கள கடைக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"நீதான். பால் செவ்வாக்கிழமை தீந்துபோச்சு."

அதற்குள் மேயர் டோனா பிளெவின்ஸ் வாகன நிறுத்தத்தைக் கடந்து வந்துவிட்டார். கண்கள் உண்மையாகவே சிவந்திருந்தன. ரோண்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்றதுன்னே தெரியலம்மா. பள்ளிக்கூட உணவகத்துல எனக்கே சாப்பாடு போட்டவங்க. நகர்மன்றத்துல பேசிட்டோம். அவங்க பேர்ல ஒரு பெஞ்சு போடறோம். ஏரிக்கரை நடைபாதையில, நல்ல நிழலா பாத்து."

"அங்க எப்படிங்க போறது?"

"அதுக்கென்னம்மா, கார் நிறுத்த நிறைய இடம் இருக்கு."

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அது வெளியே வந்த விதத்தைப் பார்த்து மேயர் கைகளை விட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் விளக்குக் கம்பத்தில் நகராட்சியின் பதாகை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது: 'நாட்டிலேயே குடியிருக்கச் சிறந்த நகரங்களில் ஒன்று.' படத்தில் ஒரு குடும்பம் கைகோத்து நடந்து போய்க்கொண்டிருந்தது.

ரோண்டா திரும்பி வெண்டலிடம் போனாள்.

"நேர் வழியா விடுங்க."

வெண்டல் கீத்தைப் பார்த்தார்.

"அவன ஏன் பாக்குறீங்க? மூத்தவ நான். எங்கம்மா கார்டினல் சாலை வழியாத்தான் போறாங்க. இல்லன்னா இந்தக் கொடியெல்லாத்தையும் நானே பிச்சுப் போட்டுருவேன்."

கீத் இயந்திரத்தை உயிர்ப்பித்து, முகப்பு விளக்கைப் போட்டான். வெண்டல் மோட்டார் சைக்கிள் போலீஸ்காரரை நோக்கி வேகமாக நடந்தார்.

ஊர்வலம் நகர்ந்தது. குடியிருப்புகளின் மதில்கள், பல் மருத்துவமனை, கார் கழுவும் நிலையம், வாத்துகள் மேயும் செயற்கைக் குளம். பிறகு கார்டினல் சாலை. போலீஸ்காரர் முன்னால் விரைந்துபோய், சந்திப்பின் குறுக்கே வண்டியை நிறுத்தினார்.

அந்த ஊரில் சவ ஊர்வலம் வந்தால் யாரும் ஓட்டிக்கொண்டு போகமாட்டார்கள். போவது யாரென்று தெரியவேண்டியதில்லை. இந்தப் பக்கமும் எதிர்ப்பக்கமும் கார்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து நின்றன. சரக்கு வண்டி ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. பிக்கப் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஆறு தடங்களிலும் எதுவும் அசையவில்லை.

"எப்படி நிக்கிறாங்க பாரு," என்றாள் ரோண்டா.

"மரியாதை," என்றான் கீத்.

"ஆமா. மரியாதை."

அம்மாவின் அடுக்ககம் வலப்பக்கம் வந்தது.

"நிறுத்து."

"ஊர்வலத்துல நடுவுல நிறுத்தக் கூடாது, ரோண்டா."

அவள் கதவைத் திறந்தாள். கார் நடைவேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் அவன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். பின்னால் ஒவ்வொரு காராக நின்றது. முன்னால் சவ ஊர்தியும் சற்றுத் தள்ளிப்போய் நின்றது.

ரோண்டா ஓரத்துக்குப் போய், அம்மா நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்றாள். பிறகு சாலையில் இறங்கி, தம்பியின் காருக்கு முன்னால் நடந்தாள். ஒரு தடம். இன்னொன்று. நின்ற கார்களுக்குள்ளிருந்து முகங்கள் அவளோடு சேர்ந்து திரும்பின. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. நடுத்திட்டில் நகராட்சி வளர்க்கும் அலங்காரப் புதர்கள் முழங்கால் உயரம் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் அவை பிளந்து, ஒரு ஆள் நுழைய இடம் விட்டிருந்தன. அதன் வழியாக நுழைந்தாள். மறுபாதி இன்னும் அகலமாகத் தெரிந்தது. உயரக் குதிகால் செருப்பில் அவளாலேயே வேகமாக நடக்க முடியவில்லை.

எதிர் ஓரத்தில் ஏறியதும் நின்றாள்.

கடையின் வாகன நிறுத்தம் வரை சரிவாகப் புல்தரை. அதன் நடுவே புல் செத்து, மண் இறுகி, ஓரடி அகலத்தில் ஒரு தடம் வளைந்து மேலே போனது. இரண்டு பக்கமும் தள்ளுவண்டிச் சக்கரம் பதிந்த கோடுகள். நசுங்கிய சிகரெட் துண்டுகள், ஒரு பழச்சாறு டப்பா, மண்ணில் பாதி புதைந்த குழந்தையின் தலை கிளிப்பு. ஒரு கிழவியின் காலால் மட்டும் தேய்ந்த மண் இல்லை அது.

கீத் காரை அப்படியே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். எல்லாம் நின்றுபோயிருந்த சாலையில், அவன் இடமும் வலமும் பார்த்துப் பார்த்துக் கடந்தான். புதர் இடைவெளியில் அவனுடைய கோட்டு மாட்டிக்கொண்டது. மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, அக்காளின் பக்கத்தில் நின்றான்.

அவள் எதையும் சுட்டிக்காட்டவில்லை.

அவன் கீழே பார்த்தான். கண்ணால் அந்தத் தடத்தோடு கடை வரை போய்த் திரும்பி வந்தான்.

"இது கடையோட நிலம், ரோண்டா," என்றான். "நாங்க எண்ணும்போது ரோட்டத்தான் பாத்தோம்..."

எதிரே, தொப்பியைக் கழற்றியவர் அதை எப்போது திரும்பப் போட்டுக்கொள்வது என்று தெரியாமல் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

கீத் தன் மெருகேற்றிய கறுப்புக் காலணிகளைப் பார்த்தான். பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, கால்களைத் தடத்திலிருந்து எடுத்துப் புல்லில் வைத்துக்கொண்டான்.