இடது கைக்கு ஒரு வேலை

அண்ணன் வருகிறான் என்று கடிதம் வந்ததும் அவள் முதலில் பரண்மேல் கிடந்த டென்னிஸ் மட்டையை இறக்கித் தூசி தட்டினாள். வீட்டை ஒதுங்கவைக்கிற வேலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

கடிதத்தில் இரண்டே செய்திகள். ஒன்று, அடுத்த மாதம் முதல் வாரம் மூன்று நாள் தங்குவான். இரண்டு, தோள்பட்டை ஒத்துழைக்காததால் இந்த வருடத்தோடு ஆட்டத்தை நிறுத்துகிறான். அதற்கு முன் தங்கையோடு ஒரு செட் ஆட வேண்டும்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஊரிலிருந்த பெரிய மருத்துவமனையின் மருந்தகமே அவள் பொறுப்பில் இருந்தது. ஆனால் அண்ணனிடம் இதுவரை ஒரு செட்கூட ஜெயித்ததில்லை. காரணம் ஊரறிந்தது: இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அவளுடைய பேக்ஹேண்ட். அந்தப் பக்கம் பந்து வந்தால் அவள் ஒற்றைக் கையால் தடவிக் கொடுப்பாள்; பந்து மேலே எழும்பி மிதக்கும்; அண்ணன் நெட்டுக்கு ஓடிவந்து ஈ அடிப்பதுபோல் அடித்து முடிப்பான். அவனை ஜெயிக்க இனி இந்த ஒரே ஒரு செட்தான் வாய்ப்பு.

தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் பின்சுவரில் தினமும் காலையில் அடித்துப் பழகினாள். ஐந்து நாளாகியும் முன்னேற்றம் இல்லை. ஆறாம் நாள் கணவரைக் கூட்டிப் போனாள். கடிகாரம் பழுது பார்ப்பவர்; டென்னிஸில் அ, ஆ தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார்.

"ஒரு மெஷின்ல சும்மா இருக்கிற பார்ட்டுன்னு ஒண்ணு கிடையாது. உன் இடது கை என்னம்மா பண்ணுது?"

"அதுக்கு இதுல என்னங்க வேலை?"

"அதைத்தான் கேக்குறேன். இடுப்போட ஒட்டிக்கிட்டு, எதையோ பிடிச்சிருக்கிற மாதிரி மூடிட்டு நிக்குது. பாரு."

பார்த்தாள். விரல்கள் ஒரு பந்து அளவுக்கு வளைந்து மூடியிருந்தன.

சிரிப்பு வந்தது; பின்னாலேயே கண்ணும் கலங்கியது. அப்பா மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்த காலம். அதிகாரிகள் வருவதற்கு முன், காலை ஆறு மணிவரை, அங்கிருந்த டென்னிஸ் மைதானம் பிள்ளைகள் இருவருக்கும்தான். அதிகாரிகள் கழித்துப்போட்ட, மயிர் உதிர்ந்த பந்துகள் இரண்டு. வேலிக்கு வெளியே சாக்கடை. "ஒண்ணு ஆட்டத்துல, ஒண்ணு உன் கையில. விட்டே, கொன்னுடுவேன்" என்பது அண்ணனின் சட்டம். எட்டு வயதுப் பெண் அந்தப் பந்தைப் புதையல்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அதன் ஈர வாசனை விரல்களில் மதியம்வரை இருக்கும்; பள்ளியில் முகர்ந்து பார்த்துக்கொள்வாள். சாக்கடைக்குப் போன பந்துகள் எல்லாம் அண்ணன் அடித்தவை. அவள் பந்தை ஒருநாளும் விட்டதில்லை.

மறுநாளிலிருந்து இடது கைக்கு வேலை கொடுத்தாள். பந்து வரும்போதே அது மட்டையின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். கூடவே தோளும் திரும்பும். பந்தை வலது காலுக்கு ஒரு முழம் முன்னால் சந்திக்க வேண்டும். அடிக்கிற நொடியில் இடது கை பின்பக்கம் நீள வேண்டும். இல்லையென்றால் உடம்பு பம்பரமாகச் சுற்றிவிடும். பதினாறு நாள். கடைசி வாரத்தில் சுவரில் பந்து மோதும் சத்தமே மாறிவிட்டது.

அண்ணன் வந்தான். தலையில் பாதி முடி இல்லை. குறும்பு மட்டும் அப்படியே இருந்தது. "என்ன குருவி, மட்டையைத் தூக்க முடியுதா, இல்ல மாப்பிள்ளை பிடிச்சுக்கணுமா?"

மறுநாள் காலை ஊர் டென்னிஸ் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. மூன்றுக்கு இரண்டு என்று அவள் முன்னால் போனாள். அப்புறம்தான் உறைத்தது: ஒரு பந்துகூடப் பேக்ஹேண்ட் பக்கம் வரவில்லை. நெட்டருகே போய் நின்றாள்.

"அண்ணா, என்ன பண்ற நீ?"

"ஏன், நல்லாத்தானே போகுது?"

"எல்லாத்தையும் ஃபோர்ஹேண்டுக்கே ஊட்டி விடுற."

"வயசாச்சுல்லம்மா. கடைசி ஆட்டம், சந்தோஷமா ஆடலாமேன்னு..."

"நாப்பது வருஷமா அந்தப் பக்கம் போட்டு உசுரை எடுத்துட்டு, இப்ப என்ன கருணை? அந்த மூணு கேமும் எனக்கு வேணாம். அழிச்சிடு. சைபர்லேர்ந்து ஆடு. ஒழுங்கா ஆடு."

"அழுவ, சொல்லிட்டேன்."

"போடு, பாக்கலாம்."

போட்டான். முதல் பந்தை அவள் நெட்டில் அடித்தாள். இரண்டாவதும் நெட்டில். பெஞ்சில் கணவர் தலையில் கை வைத்தார். மூன்றாவதைப் போட்டுவிட்டு அண்ணன் பழைய வழக்கப்படி நெட்டுக்கு ஓடிவந்தான். அவள் தோளைத் திருப்பினாள், காத்திருந்தாள், ஓர் அடி விட்டாள். பந்து அவனைத் தாண்டி ஓரக்கோட்டை உரசிக்கொண்டு போனது. அவனால் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஏய்! யாருடி இது?" என்றான்.

அதற்கப்புறம் அவன் யார்மேலும் இரக்கப்படவில்லை. கத்தினான், பந்து கோட்டில் விழுந்ததா இல்லையா என்று சண்டை போட்டான், தோளைப் பிடித்துக்கொண்டே ஓடினான். அவளுடைய பந்துகள் பாதி வெளியே போயின. மீதிப் பாதி போதுமானதாக இருந்தது. ஏழுக்கு ஐந்து. அவள் செட்.

பெஞ்சில் வந்து விழுந்த அண்ணன் வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. வெயில் கண்ணில் அடித்தது என்றான். ஷூ புதுசு, கடிக்கிறது என்றான். காலையில் தங்கை போட்ட டிபன் வயிற்றில் கல்லாக நிற்கிறது என்றான். அவன் சாக்குச் சொல்லி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்புறம்? இன்னும் சொல்லு, அண்ணா."