கதவு மாதிரி

அந்த அறையில் கூண்டு இல்லை. உள்ளே நுழைந்ததும் டீச்சர் தேடியது அதைத்தான். உயரமான மேடையில் நீதிபதிகளுக்கு இரண்டு நாற்காலிகள், கீழே வக்கீல்களுக்கு நீள மேசை, அதன்மேல் நாடா கட்டிய காகிதக் கட்டுகள், பின்னால் மற்றவர்களுக்குச் சில பெஞ்சுகள். சாட்சி ஏறி நிற்பதற்கென்று ஓர் இடம் எங்கும் தென்படவில்லை.

“கூண்டு எங்க மேடம்?” என்று அரசு வக்கீலிடம் கேட்டாள்.

அந்தப் பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். “இது மேல்முறையீடு டீச்சர். இங்க யாரும் சாட்சி சொல்ல மாட்டாங்க. கீழ்க்கோர்ட்ல சொன்னதெல்லாம் இந்தக் கட்டுல இருக்கு. அதைப் படிச்சுட்டு, கீழ குடுத்த தீர்ப்பு சரியா தப்பான்னு பாப்பாங்க. அவ்வளவுதான்.”

“அப்ப குட்டிகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?”

“நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டாங்க. எதுக்கு அவளைக் கூட்டிட்டு வந்தீங்க? ஸ்கூல் இல்லையா?”

டீச்சருக்குப் பக்கத்தில் குட்டி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக மாலையில் அவளை எதிரே உட்காரவைத்து, “எதுக்கும் இருக்கட்டும், பழையதை ஒரு தடவை சொல்லு” என்று டீச்சர் கேட்டிருந்தாள். குட்டியும் ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருந்தாள். ஆறு வயதில் சொன்னதைப் பதினைந்து வயதில், அதே ஏற்ற இறக்கத்தோடு.

குட்டி அவளுடைய தங்கை மகள். தங்கையை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றதாகக் குட்டியின் அப்பாவுக்குக் கீழ்க்கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்திருந்தது. விழுந்ததால் ஏற்பட்ட காயம்தான், தானாக விழுந்தாலும் தள்ளிவிட்டாலும் ஒன்று போலத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்தவள் குட்டி ஒருத்திதான். அந்தத் தண்டனையை எதிர்த்து அவர் போட்ட மேல்முறையீடு இத்தனை வருடம் கழித்து இன்று விசாரணைக்கு வந்திருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர். சத்தம் போட்டுப் பேசுவார் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தாள். அவரோ பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் தொடங்கினார்.

“அந்தக் குழந்தை பொய் சொல்லுதுன்னு நான் சொல்லலைங்க ஐயா. அது குழந்தையோட பேச்சே இல்லைன்னுதான் சொல்றேன். ரெண்டு பக்கத்தை மட்டும் படிக்கிறேன், கேளுங்க.”

முதலில் டீச்சரின் சாட்சியம். “மாடிப்படியின் உச்சியில் நின்று, இரண்டு கைகளாலும் வேகமாகத் தன் தந்தை தாயைத் தள்ளியதாகக் குழந்தை என்னிடம் கூறினாள்.” ஒரு தாளைப் புரட்டினார். அடுத்தது குட்டியுடையது. “என் தந்தை மாடிப்படியின் உச்சியில் நின்று, இரண்டு கைகளாலும் வேகமாக என் தாயைத் தள்ளினார்.” கட்டை மூடிவிட்டார். “ஐயா வீட்டுலயும் பேரப்பிள்ளைங்க இருப்பாங்க. ஆறு வயசுல எந்தப் பிள்ளை இப்படிப் பேசும்? ‘உன்னை யார் இப்படிச் சொல்லச் சொன்னாங்க’ன்னு குறுக்கு விசாரணையில கேட்டிருக்காங்க. பிள்ளை என்ன சொல்லுதுன்னா, ‘பெரியம்மா சொல்லித் தந்தாங்க, அழாம சொல்லணும்.’ இதுக்கு மேல நான் என்னங்க சொல்ல?”

அரசு வக்கீல் எழுந்தார். கீழ்க்கோர்ட் நீதிபதி குழந்தையை நேரில் பார்த்தவர், தடுமாற்றமில்லாமல் தெளிவாகச் சொன்னதாகக் குறிப்பே எழுதியிருக்கிறார், பார்த்தவரின் கணிப்பைப் படிப்பவர்கள் எளிதில் தள்ளிவிடக் கூடாது என்றார்.

மூத்த நீதிபதி அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். “அதுதாம்மா எனக்குச் சங்கடமா இருக்கு. அம்மா செத்ததைச் சொல்ற பிள்ளை எங்கயாவது ஒரு இடத்துல தடுமாற வேண்டாமா?”

குட்டி திரும்பி டீச்சரைப் பார்த்தாள். மேடையில் வரி மறந்துபோன பிள்ளைகள் பார்க்கிற பார்வை அது. டீச்சருக்கு உதடு அசைந்தது. சட்டென்று கையால் மூடிக்கொண்டாள்.

டீச்சர் இருபது வருடமாகப் பேச்சுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள். பள்ளி அலமாரியில் இருக்கும் கோப்பைகளில் பாதி அவளுடைய பிள்ளைகள் வாங்கியவை. “நம்ம டீச்சர்கிட்ட படிச்ச பிள்ளைங்க வாந்தி எடுத்தாக்கூட ஏற்ற இறக்கத்தோடதான் எடுக்கும்” என்று அவள் புருஷன் சொல்வார். அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மருத்துவமனையில், சவக்கிடங்குக்கு வெளியே இருந்த சிமெண்டு பெஞ்சில், குட்டி அவள் மடியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை தன் கால் செருப்பின் வாரைப் பிய்த்துக்கொண்டே சொன்னது: “அப்பா அம்மாவ கதவு மாதிரி தள்ளினாரு.”

டீச்சருக்கு அந்தக் கதவு தெரியும். தங்கை வீட்டு மொட்டைமாடிக் கதவு. மழைக்கு ஊறி நிலையோடு இறுகிப்போயிருக்கும். தங்கையின் புருஷன் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே உந்தாக உந்துவார். “இந்தச் சனியன் ஒருநாள் என் கையாலதான் போகப்போகுது” என்பார். குழந்தை சொன்னபோது கை, தோள், கடித்த பல் எல்லாமே டீச்சர் கண்முன் வந்தன. அவள் நம்பியது அந்த ஒரு சொல்லால்தான். சந்தேகம் என்ற ஒன்று அதற்குப் பிறகு அவளுக்கு வரவே இல்லை.

ஆனால் வழக்கு நாள் நெருங்கியபோது அந்தச் சொல்தான் அவளைப் பயமுறுத்தியது. ‘கதவு மாதிரியா? அம்மா என்ன கதவா பாப்பா?’ என்று எதிர் வக்கீல் கேட்டால் கோர்ட்டே சிரிக்கும். குழந்தை குழம்பிவிடும். ‘கதவைத்தான் தள்ளினாரா?’ என்று கொக்கி போட்டு இழுத்தால் ஆமாம் என்றுகூடச் சொல்லிவிடும். அதனால் கதவை எடுத்துவிட்டு, ‘இரண்டு கைகளாலும் வேகமாக’ என்று வைத்தாள். எங்கே என்று பிறகு கேட்டபோது குழந்தை சொன்ன ‘மேல’ என்பதை ‘உச்சியில்’ ஆக்கினாள். ‘அப்பா’, ‘அம்மா’ கொச்சையாகப் பட்டன; ‘தந்தை’, ‘தாய்’ என்று மாற்றினாள். மூச்சு எங்கே விட வேண்டும் என்பதைக்கூடச் சொல்லித் தந்தாள். இதில் எதுவும் பொய் இல்லையே என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை, அவ்வளவு நிச்சயம். உண்மைக்கு நல்ல சட்டை போட்டு அனுப்புகிறோம் என்றுதான் நினைத்தாள்.

கீழ்க்கோர்ட்டில் கூண்டுக் கம்பிக்கு மேலே குட்டியின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டு ஏற்றினார்கள். மணி அடித்தாற்போல் சொல்லி முடித்தாள். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, “நல்லா சொன்னம்மா” என்றார். அந்த நொடியில் டீச்சருக்கு நெஞ்சு விம்மியது. துக்கத்தால் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது இந்தக் கூண்டில்லாத அறையில் உட்கார்ந்து, தன் வாக்கியத்தை ஒரு கிழவர் வாயால் இரண்டு தடவை கேட்ட பிறகு, அது என்ன என்று தெரிந்தது. அலமாரிக்குக் கோப்பை வரும்போதெல்லாம் வருகிற அதே விம்மல்தான் அது. தங்கை செத்த வழக்கில், தங்கை மகள் நாவில், அவளுக்கு முதல் பரிசு கிடைத்திருந்தது.

தீர்ப்பை இரண்டு மாதம் கழித்துச் சொன்னார்கள். அன்று குட்டியைக் கூட்டிப்போகவில்லை. மூத்த நீதிபதி கடைசிப் பத்தியை மட்டும் வாசித்தார். குழந்தைச் சாட்சியம் சொல்லிக்கொடுக்கப்பட்டதாகத் தெரிவதால், அதை மட்டும் நம்பி ஒருவரைச் சிறையில் வைப்பது பாதுகாப்பானது அல்ல. கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு ரத்து செய்யப்படுகிறது. வேறு வழக்கு இல்லையென்றால் உடனே விடுவிக்கப்பட வேண்டும். வாசித்து முடிப்பதற்குள் அடுத்த வழக்கின் கட்டு மேசைக்கு வந்துவிட்டது.

வெளியே நடைபாதையில் டீச்சர் அரசு வக்கீலின் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்கு மேல ஒரு கோர்ட் இருக்குல்ல?”

“இருக்கு. போகலாம். ஆனா அங்கயும் இதே கட்டுதான் போகும். இதுல இல்லாத ஒண்ணை அங்க யாரும் படிக்க முடியாது.”

“குட்டி முதல்ல என்கிட்ட வேற மாதிரிதான் சொன்னா. நான்தான் மாத்தினேன். அதை இப்ப சொல்றேன். எழுதிக்கச் சொல்லுங்க.”

அரசு வக்கீல் அவளைச் சுவரோரமாக நகர்த்தினார். “என்ன சொன்னா?”

டீச்சர் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அன்னிக்குப் பிள்ளை இதைக் கூண்டுல நின்னு சொல்லியிருந்தா, அந்தக் கிழவர் கேஸையே எடுத்திருக்க மாட்டார் டீச்சர்.” பையை மெல்ல விடுவித்துக்கொண்டார். “இப்ப இதைச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பெரியம்மா புதுசா ஒண்ணு சொல்லித் தந்துட்டாங்கன்னு சொல்வாங்க. அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. கட்டைப் படிச்சா எனக்கே அப்படித்தான் தோணுது.”

வீட்டில் புருஷன் தேநீர் போட்டு வைத்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, சர்க்கரை டப்பாவை வீணாகத் திறந்து மூடினார். குட்டிதான் கேட்டாள்.

“விட்டுட்டாங்களா?”

“விட்டுட்டாங்க.”

“நான் சொன்னதை நம்பலையா?”

“உன்னை நம்பலைன்னு யாரும் சொல்லலை. என்னைத்தான்…”

“சொன்னது நான்தானே பெரியம்மா.”

குட்டி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். வரும் வழியில் பின்கட்டுக் கதவு கொஞ்சம் இறுகியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிச் சாத்தினாள். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். பழைய ஞாபகம் எதுவும் அதில் வரவில்லை. குட்டி கையைத் துடைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு அந்த மாடிப்படி ஞாபகமே இல்லை. அம்மா போட்டிருந்த டிரஸ் ஞாபகம் இல்லை. அந்த வாக்கியம் மட்டும்தான் இருக்கு. நான் நிஜமாவே பாத்தேனா?”

“பாத்த.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீதான் சொன்ன.”

“நான் சொன்னது நீங்க சொல்லித் தந்தது” என்றாள் குட்டி. சண்டைக்கு இழுக்கிற குரலில் இல்லை. கணக்கில் எங்கே இடறியது என்று தேடுகிற குரல்.

“ஏ குட்டி, விடு. டீச்சர் சாப்பிடட்டும்” என்றார் புருஷன்.

விடுதலையான மறு வாரம் குட்டியின் அப்பா போன் செய்தார். எடுத்தது குட்டி. டீச்சர் சமையலறையில் நின்று அவள் பக்கத்தை மட்டும் கேட்டாள். ஆமாம். நல்லா இருக்கேன். பத்தாவது. சரி. யோசிச்சுச் சொல்றேன். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, சரி.

“சனிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு காபி கடைக்கு வரச் சொல்றாரு. பெரியப்பாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார், வெளியில உக்காந்திருப்பாராம்.”

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை.

“எதுக்குடி போற?”

“கேக்கத்தான். தள்ளினீங்களான்னு கேக்கணும். பாத்தது ரெண்டே பேரு. ஒருத்திக்கு ஞாபகம் இல்லை. இன்னொருத்தர்கிட்டதானே கேக்க முடியும்?”

“அவன் இல்லைன்னுதான் சொல்லுவான்.”

“சொல்லட்டும். அவர் வார்த்தையிலயாவது சொல்லுவாரு.”

சனிக்கிழமை காலை குட்டி கண்ணாடி முன் நின்று தலை வாரினாள். டீச்சர் பின்னால் நின்றாள். அங்கே போய் எப்படி உட்கார வேண்டும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக நாவுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் மென்று விழுங்கினாள். ஒன்றை மட்டும் விழுங்க முடியவில்லை. அது தன்னுடையது அல்ல, அவளிடமிருந்து எடுத்தது, கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

“குட்டி, நீ முதல்ல என்கிட்ட சொன்னது அந்த வாக்கியம் இல்லை.”

சீப்பு நின்றது. “பின்ன?”

“ஆஸ்பத்திரியில, என் மடியில உக்காந்துக்கிட்டு சொன்ன. ‘அப்பா அம்மாவ கதவு மாதிரி தள்ளினாரு.’ நான்தான் அதை எடுத்துட்டேன்.”

கண்ணாடிக்குள் அந்த முகம் மாறுவதற்காக டீச்சர் காத்திருந்தாள். ஓர் இமைத்துடிப்பு போதும். மாடியோ, கதவோ, ஒரு கையோ ஏதாவது திரும்பி வந்தால் போதும்.

“கதவு மாதிரி” என்றாள் குட்டி. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். “அப்பா அம்மாவ… கதவு மாதிரி தள்ளினாரு.” இரண்டாவது தடவை, ‘அம்மாவ’ என்ற இடத்தில், பழகியவள்போல அளவாக மூச்சு விட்டாள்.

பிறகு ரப்பர் பேண்டை இறுக்கினாள்.

“இது நல்லா இருக்கு பெரியம்மா. அப்பவே இதைச் சொல்லித் தந்திருக்கலாம்.”

கிண்டல் எதுவும் அதில் இல்லை. பையை மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிய பெரியப்பாவிடம், “உங்க செருப்பு அலமாரிக்குக் கீழ இருக்கு, வாங்க” என்று கூப்பிட்டபடி வெளியே போனாள்.