இருபத்துநாலு பலகை

கிட்ட வந்து இருங்கோ பிள்ளையள். ஆராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கோ, குளிர் வருது. இண்டைக்கு நான் சொல்லப்போறது இந்தக் குளிர்தேசத்தில், குரோருட் என்ற இடத்தில் நடந்தது. பயப்பிடவேண்டிய கதைதான். ஆனால் முடியுமட்டும் நான் உங்களோடதான் இருப்பன்.

சாருகா என்ற பிள்ளைக்கு ஆறு வயதும் நாலு மாதமும் முடிந்திருந்தபோது, பள்ளிக்கூட இலையுதிர்கால விடுமுறையில், நாலே நாளில் அவளுக்கு நாலு வயதும் நாலு மாதமும் ஆனது. காரணம் வீட்டின் கீழறையில் நின்ற ஒரு மரவேலை மெசின்.

அதை வாங்கினது அவளின் தகப்பன் தில்லைநாதன். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. மகளின் கால் கட்டிலுக்கு வெளியே நீளத் தொடங்கியதால் பெரிய கட்டில் ஒன்று தன் கையால் செய்வதென்று முடிவெடுத்து, தூரத்துத் துரொண்ட்ஹெய்ம் நகரப் பக்கத்தில் ஒரு வயதானவரிடம் அந்த மெசினைப் பழையதாக வாங்கினார். அறுக்கிறது, சீவுறது, தடிப்புக் குறைக்கிறது, துளை போடுறது எல்லாம் ஒரே உடம்பில். முந்நூறு கிலோ. நாலு பேர் சேர்ந்து படியால் இறக்கினார்கள். முன்னைய சொந்தக்காரன் சீவின சீவல் நிறைந்த பை ஒன்றும் அதோடு வந்தது. தில்லைநாதன் நீர்மட்டம் வைத்து நாலு காலையும் சரிபார்த்தார், அலகு தீட்டினார், மேசையைத் துடைத்து மெழுகு பூசினார். கரண்ட் மட்டும்தான் மிச்சம். அனுமதிப்பத்திரம் உள்ள மின்வேலைக்காரன் மூன்று கிழமை கழித்து வருவதாகச் சொன்னான். அவருக்குப் பொறுமை இல்லை. ஊரில் நூறு கிணற்று மோட்டர் பூட்டின சூசைரட்ணத்தைக் கூப்பிட்டார்.

"மூண்டு வயர், தம்பி. தண்ணி மோட்டர் மாதிரித்தானே. எப்பிடிக் குடுத்தாலும் சுத்தும்," என்று சொல்லிப் பூட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு சூசைரட்ணம் போய்விட்டார்.

சுத்தியது. ஆனால் திங்கட்கிழமை பின்னேரம் முதல் பலகையை உள்ளே விட்டபோது மெசின் அதைத் திருப்பித் தள்ளியது. இந்தச் சாதி மெசின் மற்றப் பக்கத்தால் தின்னும் போலிருக்கு என்று தில்லைநாதன் மற்றப் பக்கம் போய் நின்று விட்டார். பலகை போனது. இருபத்தைந்து மில்லிமீற்றராகப் போனது இருபத்தாறாக வெளியே வந்தது. அளவுமுள்ளைத் திருத்தி இரண்டாவது பலகையை விட்டார், அதுவும் தடித்து வந்தது. மேசையை உயர்த்தினார், இறக்கினார், அலகைக் கழற்றிப் பூட்டினார், கையேட்டை வரி வரியாய்ப் படித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புதுப் பலகை. ஒரு பின்னேரத்துக்கு ஆறு. சீவல் பை நிறைவதற்குப் பதிலாக வற்றிக்கொண்டு வந்தது. காற்று எங்கேயோ ஒழுகுது என்று பைக்கு நாடா ஒட்டினார். பிழை தேடுகிறவனுக்குப் பிழையைத் தவிர ஒன்றும் தெரியாது பிள்ளையள்.

அவரின் மனைவி துஷ்யா முதியோர் இல்லத்தில் அந்தக் கிழமை நாளுக்கு இரண்டு ஷிஃப்ட் வேலை. பிள்ளை நித்திரையான பிறகு வந்து, விடிய முதல் போய்விடுவாள். சாருகா தனிய இருக்கப் பயந்து கீழறைப் படியில் வந்து குந்துவாள். அந்த மெசின் சத்தம் கேட்கிற உடம்புகள் ஒரு பலகைக்கு ஒரு மாதமாகப் பின்னுக்குப் போயின. செவ்வாய்க்கிழமை, விழுந்திருந்த முன்பல் அவள் வாயில் திரும்ப நின்றது. புதுப்பல் வந்திட்டுதென்று தகப்பன் நினைத்தார். பக்கத்து வீட்டு லீசா, எழுபத்தொன்பது வயது, புதன்கிழமை வேலிக்கு மேலால் எட்டி, முழங்கால் நோ போய்விட்டது என்று சந்தோசப்பட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டில் இரண்டு காரியம் நடந்திருந்தன. சாருகாவின் நெஞ்சை வெட்டி, இருதயத்தில் இருந்த ஓட்டையைத் தைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைந்து நித்திரை கெட்டிருந்த தில்லைநாதன், தொழிற்சாலைச் சங்கிலியில் வலக்கை மோதிரவிரலை விட்டார். அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. மகளுக்குச் சந்தனம் வைக்கிற விரல் அது.

வியாழக்கிழமை, இருபத்திரண்டாவது பலகை வெளியே வந்தபோது அந்தக் கையில் ஐந்து விரல் இருந்தது. அவர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். அப்போது அவருக்கு எல்லாம் விளங்கியது. படியில் இருந்த பிள்ளையின் சட்டை தோளால் வழுவிக் கிடந்ததும் தெரிந்தது. தெரிந்தும் இன்னும் இரண்டு பலகை விட்டார். இந்த முறை பிழை தேடி அல்ல, விரல் நிலைக்கட்டும் என்று. பிறகு கையுறை போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக துஷ்யா பிள்ளையைக் குளிப்பாட்டினாள். தழும்பு இல்லை. நெஞ்சு வழுவழுவென்று இருந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்குத் தைச்ச இடத்தைக் காணேல்லை." அவர் வலக்கையைப் பின்னால் மறைத்தார். "கையைக் காட்டுங்கோ. கையுறையைக் கழட்டுங்கோ எண்டுறன்!"

பார்த்தாள். அவள் அழவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "ஆஸ்பத்திரியில போய் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் தைச்சதை நாங்கள் துலைச்சுப்போட்டம் எண்டோ?" என்று மட்டும் கேட்டாள். அன்றிரவு முழுக்கப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தபடி கிடந்தாள். ஒரு துடிப்பு, ஒரு சீறல், ஒரு துடிப்பு.

சனிக்கிழமை எட்டு மணிக்கு, தில்லைநாதன் கூப்பிட்டு, சூசைரட்ணம் வந்தார். மெசினில் அம்புக்குறி ஒரு பக்கம் காட்டியது, அலகு மற்றப் பக்கம் சுத்தியது. "ஐயோ, இது பின்னுக்கெல்லோ சுத்துது!" இரண்டு வயரை இடம் மாற்ற ஏழு நிமிடம். முன்னுக்குச் சுத்தினால் போன மாதங்களைத் தருமா, இருக்கிறதையும் எடுக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. லீசாவிடம் சொன்னபோது அவள் உடனே நம்பினாள். முழங்காலைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லி, ஸ்ட்ரோம்மனில் கடை பார்க்க பஸ் ஏறிவிட்டாள். சூசைரட்ணமும், "எனக்கு ஏற்கெனவே அறுபத்தாறு தம்பி," என்று தெருமுனைக்குப் போய் நின்றார்.

"நீரும் போம் துஷ்யா. சத்தம் கேட்டால் உமக்கு வயது கூடும்."

"பிள்ளையை ஆர் பிடிக்கிறது? விடுங்கோ பலகையை."

அவள் சாருகாவை மடியில் இறுக்கிக்கொண்டு படியில் இருந்தாள். கடைசியாகத் தடித்த பலகை முதலில் போனது. மெசின் அலறியது. பலகை ஒரு மில்லிமீற்றர் மெலிந்து வந்தது, சீவல் பைக்குள் விழுந்தது. துஷ்யா பிள்ளையின் சட்டைக்குள் கையை விட்டுத் தடவினாள். தழும்பு நின்றது. உதடு சிவந்தது. இரண்டாவது பலகையில் ஒன்றும் மாறவில்லை.

தில்லைநாதன் மெசினை நிற்பாட்டினார். நெஞ்சு சரி. விரலும் இருக்கு. பிள்ளை சின்னன்தான், ஆனால் வளரும்தானே, எல்லாப் பிள்ளையும் வளருதுதானே. அவர் இதை வாயால் சொல்லவில்லை. துஷ்யாவுக்குக் கேட்டது. அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது இருபத்திரண்டாவது பலகை. கட்டிலின் தலைமாட்டுக்கென்று ஒதுக்கினது. மரம் வந்த அன்று சாருகா அதன் ஓரத்தில் தச்சுப் பென்சிலால் தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள், துணைக்காலெல்லாம் சரிந்து சரிந்து. இப்போது மடியில் இருந்தபடி அதைச் சுட்டி, "அப்பா, இதென்ன கோடு?" என்று கேட்டாள்.

"இது உம்மட பேர், குஞ்சு."

"ஆர் கீறினது?"

அவர் மெசினின் ஆளியை அழுத்தி ஓடவிட்டார். வலக்கையைச் சட்டைக்குள் வைத்து, இடக்கையால் பலகையைத் தள்ளிவிட்டு, சுவரோடு போய் ஒட்டி நின்றார். மெசினுக்கும் அவருக்கும் இடையில் பன்னிரண்டு அடி தூரம் இருந்தது. என்ன பயன்? பலகை வெளியே விழுந்தபோது சட்டைக்குள் நாலு விரலும் ஒரு கட்டையும்தான். பிள்ளை பயப்பிடுவாள் என்று அவர் கத்தவில்லை. "மூண்டு," என்று எண்ணினார். பிறகு, "நாலு." ஏழாவதில் காயம் ஆறி வெளுத்திருந்தது. இருபதைத் தாண்ட சாருகா தாயின் மடிக்குக் கொள்ளவில்லை. இருபத்துநாலாவது பலகை வெளியே வந்தபோது முன்பல் இல்லாத வாயால் தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, "இன்னும் கட்டில் முடியேல்லையோ?" என்று கேட்டாள். பலகைகள் எல்லாம் திரும்ப இருபத்தைந்து மில்லிமீற்றர், வாங்கின அன்று இருந்தது போல.

இருபத்தைந்தாவது பலகையை ஒருவரும் விடவில்லை. மெசின் இன்னும் அங்கேதான் நிற்கிறது, போர்வை போர்த்தபடி, வயர் கழற்றினபடி. கட்டிலைத் தில்லைநாதன் கைச்சீவுளியால் செய்து முடித்தார், தலைமாடு கொஞ்சம் மேடு பள்ளம். துஷ்யாவுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளதைவிட இரண்டு வயது கூட. அதை அவள் திருத்தக் கேட்கவில்லை. லீசா இப்போதும் மாடிப்படி இரண்டிரண்டாய் ஏறுகிறாள், கேட்டால் கறுவாப்பட்டை பன் கொண்டுவந்து தருகிறாள். வெள்ளிக்கிழமைகளில் தகப்பன் அந்தக் கட்டையைச் சந்தனத்தில் தொட்டு வைப்பார். சாருகாவின் நெற்றியில் பொட்டு கொஞ்சம் பெரிதாக விழும். அவள் துடைப்பதில்லை.

சரி, எழும்புங்கோ என்ரை செல்லங்கள். உங்கட வீட்டில சுத்துறதெல்லாம் சுத்தவேண்டிய பக்கம் சுத்தட்டும். உங்கட பல்லு விழவேண்டிய நாளில விழட்டும். தைச்ச இடம் தைச்சபடி இருக்கட்டும். நல்லாய் இருங்கோ.