விருந்தாளிப் பானை

ஓடைக்கரைப்பட்டியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இரண்டு பானைகள் இருக்கும். அடுப்படியில் இருப்பது வீட்டு ஆட்கள் குடிப்பதற்கு. அதில் பஞ்சாயத்து பம்பில் அடித்த தண்ணீர். இன்னொன்று வெளிச்சம் படாத மூலையில், மணல் பரப்பி, தட்டுப் போட்டு மூடி இருக்கும். அதில் ஊருணித் தண்ணீர். அதற்குப் பெயரே விருந்தாளிப் பானைதான். வீட்டுக்காரன் காட்டிலிருந்து நாக்கு வறண்டு வந்தாலும் அதில் கை வைக்கமாட்டான். சம்பந்தக்காரரோ, வாத்தியாரோ, வழி தப்பி வந்த வளையல் வியாபாரியோ, வாசலில் அந்நிய நிழல் விழுந்துவிட்டால் அந்தப் பானையிலிருந்து ஒரு செம்பு வெளியே வந்துவிடும்.

பம்புத் தண்ணீரை வந்தவர் கையில் கொடுக்க முடியாது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தேயிலை போட்டால் கறுத்துப்போகும். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்தத் தண்ணியில எம்பிள்ள எப்படி வாக்கப்படும்?" என்று எழுந்துபோனதெல்லாம் அங்கே பழைய கதை. ஊருணியோ சின்னது. வடக்கூருக்கும் அதுதான் ஊருணி. வீட்டுக்கு வாரம் ஒரு குடம் என்று இரண்டு ஊரும் கூடிக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அந்த ஒரு குடத்தையும் வீட்டு ஆட்களே குடித்துத் தீர்த்துவிட்டால் வந்தவர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? சோறு இல்லை என்று சொல்லிவிடலாம். தண்ணீர் இல்லை என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

வள்ளிமயிலின் வீடு பம்புக்கு நேர் எதிரே. புருஷன் பேச்சிராஜா மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் போட்டுக்கொண்டு, காடு ஏமாற்றுகிற வருஷம் கோவில்பட்டிக்கு மூட்டை தூக்கப் போகிறவன். ஒரே மகள் முத்துச்செல்வி. வடக்கூர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. நன்றாக ஓடித் திரிந்த பிள்ளைக்கு ஒரு வருஷமாகக் கால் சரியில்லை. முட்டிகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றோடொன்று இடித்தன. வாதம் என்றார்கள், தோஷம் என்றார்கள். வள்ளிமயில் எண்ணெய் போட்டு நீவினாள், சுடலைக்குப் பொங்கல் வைத்தாள். கால் வளைந்துகொண்டேதான் போனது. பல்லில் காவிக் கறையும் இருந்தது. அது ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்ததால் யாரும் அதை நோயாக நினைக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு தை மாதத்தில் அந்த ஜீப் வந்தது. பூமிக்குள் இருக்கிற கல்லையும் தண்ணீரையும் ஆராய்கிற அரசாங்க அலுவலகத்து ஜீப். இறங்கியவர் விஜயராஜ் என்கிற இளவயது அதிகாரி. இடுப்பில் சுத்தியல். ஓடையில் இறங்கிக் கல்லை உடைத்துப் பையில் போட்டார், மண்ணை அள்ளிப் பொட்டலம் கட்டினார். ஊருக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று ஒரு கூட்டமும், இல்லை, சிமெண்டு ஆலைக்காரன் வரப்போகிறான் என்று ஒரு கூட்டமும் பேசிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்தன.

கடைசியில் பம்புக்கு வந்தார். பம்பு அன்றைக்குச் சங்கிலி அறுந்து கிடந்தது. பம்பு பார்க்கிற தவசி, சங்கிலி வாங்க விளாத்திகுளம் போயிருந்தான்.

அதிகாரி உச்சுக்கொட்டிவிட்டு நிழலுக்காக வள்ளிமயில் வீட்டு வாசலுக்கு ஒதுங்கினார். முத்துச்செல்வி தத்தித் தத்திப் போய் விருந்தாளிப் பானையிலிருந்து செம்பில் மொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்காமல் அவளையே பார்த்தார். பல்லைக் காட்டச் சொன்னார். நடந்து காட்டச் சொன்னார். பிறகு டிரைவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எல்லாம் பேசியவர், எதைப் பேச வேண்டுமோ அதை மட்டும் வள்ளிமயிலிடம் பேசவில்லை. தண்ணீர்தான் பிள்ளையின் காலைத் தின்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பரிசோதித்துப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்பது அவர் படித்த படிப்பு.

ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். "பம்பு சரியானதும் கொஞ்சநேரம் அடிச்சு விட்டுட்டு, அப்புறம் பிடிங்கம்மா. பாட்டில அதே தண்ணியில நல்லா அலசணும். கழுத்துவரைக்கும் நிறைச்சு மூடி வைங்க. காலையில வந்து வாங்கிக்கிடுதேன். மெட்ராஸ்ல ஆபீசருங்க பாக்கப்போற தண்ணி. கவனம்."

தவசி சாயங்காலம் வந்து சங்கிலி மாட்டினான். வள்ளிமயில் அவர் சொன்னபடியே வெகுநேரம் அடித்துவிட்டுப் பாட்டிலில் பிடித்தாள். தூக்கிப் பார்த்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இந்த மாதிரித் தண்ணீரையே குடித்தவளுக்கு அன்றைக்கு என்னவோ குமட்டியது.

"இதையா மெட்ராசுக்குக் குடுத்துவிடப்போற?" என்றாள் குடத்தோடு நின்ற மாடத்தி, பக்கத்து வீட்டுக்காரி. "ஆபீசருமாரு வாயில வச்சுப் பாத்துட்டுக் காறித் துப்புவாவ. அந்த ஊர்க்காரியளுக்கு ஒரு வாய் நல்ல தண்ணி குடுக்கக்கூட வக்கில்லன்னு நெனப்பாவ."

"பம்புத் தண்ணியத்தான பிடிக்கச் சொன்னாவ."

"சொல்லுவாவ. வீட்டுக்கு வந்தவிய, 'ஒண்ணும் வேண்டாம்'னுகூடத்தான் சொல்லுதாவ. நாம குடுக்காம இருக்கமா? ஒரு ஊர்ல தண்ணி மோசம்னு சிவப்புப் பெயிண்ட் அடிச்சுப் பம்புக் கைப்பிடியக் கழத்திட்டுப் போயிட்டானாம். இருக்கதும் போயிரும் பாத்துக்க."

வள்ளிமயில் பாட்டிலோடு வீட்டுக்குள் போனாள். பம்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். விருந்தாளிப் பானையின் தட்டை எடுத்தாள். அதிகாரி சொன்ன சுத்தத்தை மட்டும் அவள் மறக்கவில்லை. ஊருணித் தண்ணீரிலேயே பாட்டிலை நன்றாக அலசி, கழுத்துவரை நிறைத்து, மூடியைத் திருகி, ஈரத்தை முந்தானையால் துடைத்தும் வைத்தாள். ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். பாவம், அவள் என்ன கண்டாள்.

காலையில் ஜீப் வந்தது. பாட்டில் போனது.

ஒரு கோடை போய் மறு தை பிறந்தபோது பஞ்சாயத்துத் தலைவர் பெருமாள்சாமி யூனியன் ஆபீசிலிருந்து திரும்பி, அரசமரத்தடியில் ஊரைக் கூட்டினார். தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவரப் போகிறார்கள். வடக்கூருக்கு வருகிறது, சுற்றிலும் பல ஊருக்கு வருகிறது. நமக்கு இல்லை.

"ஏன் இல்ல?" என்று கூட்டம் எகிறியது.

"நம்ம ஊரு தண்ணி நல்ல தண்ணியாம். இந்தச் சுத்துப்பட்டிலயே நம்ம தண்ணிதான் சுத்தமாம். பரிசோதனையில வந்திருக்காம்."

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். பெருமாள்சாமி கையமர்த்திவிட்டு யூனியன் ஆபீசில் கேட்டதை விளக்கினார். பாறையில் ஒரு உப்பு இருக்கிறதாம். அது ஆழத் தண்ணீரில் கரைந்து வருகிறதாம். பிள்ளைகள் குடித்தால் பல்லில் காவி ஏறும், எலும்புக்குள் போய் உட்கார்ந்து காலை வளைக்கும். "வளைஞ்சது வளைஞ்சதுதானாம். நல்ல தண்ணி குடுத்தா மேற்கொண்டு வளையாமப் பாத்துக்கிடலாமாம். வடக்கூர்ல அந்த உப்பு இருக்கு, நமக்கு இல்லைங்கான். என்னத்தச் சொல்ல?"

வள்ளிமயில் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். மாடத்தி திரும்பி அவளைப் பார்த்தாள். இரண்டுபேரும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொல்லி அழுதாள். பேச்சிராஜா எழுந்து கதவைச் சாத்தினான். "இத வெளிய சொல்லிராத. ஊரு நம்மள உசுரோட கொளுத்திரும்" என்றான். அப்புறம் அவனே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிள்ளை காலுக்கு மருந்து எங்கெங்கோ தேடி அலைந்தார்கள். அது அவர்கள் வீட்டு மூலையிலேயே தட்டுப் போட்டு மூடிக் கிடந்திருக்கிறது. வந்தவர் போனவரெல்லாம் குடித்தார்கள். பெற்ற பிள்ளைக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பானை முத்துச்செல்வியின் பானை ஆனது. ஆனால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த வருஷம் மழை பொய்த்து, ஊருணி பங்குனியிலேயே சேறு தட்டிவிட்டது; வாரக் குடக் கட்டுப்பாடும் அதோடு போனது. வள்ளிமயில் அதிகாலையில் போய், ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு, துணியில் வடிகட்டி அரைக்குடம் கொண்டுவருவாள். அதைப் பிள்ளைக்கு டம்ளர் டம்ளராக அளந்து கொடுப்பாள். பிள்ளையின் பள்ளிக்கூடம் அதற்குள் நின்றிருந்தது. வடக்கூர்வரை அந்தக் கால் நடக்கவில்லை.

புருஷன் சொல் கேட்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்கு மனுநாளில் போய் நின்றாள். அடுத்த ஆய்வு வரும்போது பார்க்கலாம் என்றார்கள். அந்த விஜயராஜ் சாரை விசாரித்தாள். ஒரிசாப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். சித்திரையில் ரோட்டோரமாக வடக்கூருக்குக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். பள்ளம் ஓடைக்கரைப்பட்டி முக்குவரை வந்து, ஊரைத் தொடாமல் அப்படியே நேராகப் போனது. வேலையை மேற்பார்க்க வந்த என்ஜினியர் செல்லத்துரையின் காலில் விழுந்தாள் வள்ளிமயில்.

"ஐயா, அந்தப் பாட்டில்ல ஊருணித் தண்ணிய ஊத்திக் குடுத்தது நாந்தான். கேவலமா நெனைப்பாவளேன்னு பயந்து செஞ்சிட்டேன். பம்புத் தண்ணி வேற. ஒருக்கா வந்து பாருங்கய்யா. எம்பிள்ள கால வந்து பாருங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அலுத்துப்போன மனிதர். "எந்திரிம்மா. தண்ணி வருதுன்னதும் இப்ப எல்லா ஊர்க்காரங்களும் எங்க தண்ணி மோசம்னுதான் சொல்லுதீங்க. நான் தனியா ஒண்ணும் செய்ய முடியாது." அவள் காலை விடவில்லை. "சரி, வாரேன். பாத்துட்டு, மறுபடி டெஸ்ட் எடுக்கணும்னு தோணுச்சுன்னா எழுதுதேன். முக்குல கிளை பிரிய ஒரு டீ பைப் போட்டா ஊருக்குள்ள இழுத்துரலாம். பள்ளத்த மூடதுக்குள்ள ஆர்டர் வாங்கணும்."

அந்த வார்த்தை போதும். வள்ளிமயில் முன்னால் ஓடினாள். அவரை வீட்டில் உட்காரவைத்து, "இந்தா வந்துட்டேங்கய்யா, பம்புத் தண்ணியவே பிடிச்சாரேன், நீங்களே வாயில விட்டுப் பாருங்க" என்று செம்பைத் தூக்கிக்கொண்டு எதிரே பாய்ந்தாள். பம்பில் நீர்மட்டம் கீழே போயிருந்தது. அடித்தாள், அடித்தாள், காற்றுத்தான் வந்தது. கடைசியில் ஒரு வழியாகக் கொப்பளித்துக்கொண்டு தண்ணீர் வந்தது. செம்பு நிறைந்ததும் தளும்பத் தளும்ப ஓடிவந்தாள்.

என்ஜினியர் காலி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு முத்துச்செல்வி நின்றிருந்தாள்.

"தண்ணி நல்லாத்தானம்மா இருக்கு" என்றார் அவர். "லேசா மண் வாடை. எங்க வீட்டுத் தண்ணியவிடத் தேவல."

"ஐயோ, அது இல்லய்யா! அது வேற பானை. அது ஊருணித் தண்ணி. இதக் குடிங்க, இதாங்கய்யா பம்புத் தண்ணி…"

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "எத்தன பானைம்மா வச்சிருக்க? அன்னைக்கு ஆபீசருக்கு ஒரு பானை, இன்னைக்கு எனக்கு ஒரு பானை. இப்ப இந்தச் செம்புல நீ என்னத்தக் கலக்கிக் கொண்டாந்தியோ, எனக்கெப்படித் தெரியும்?" பிள்ளையின் காலை ஒரு தடவை பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "பெரியாஸ்பத்திரியில காட்டும்மா. டெஸ்டு அடுத்த கட்டத்துல வரும்." குனிந்து வாசல் தாண்டிப் போனார்.

ஜீப் கிளம்பிப் போனது. வள்ளிமயில் செம்போடு நின்றாள். மூலையில் பானை கவிழ்ந்து கிடந்தது. அடியில் கிடந்ததைச் சாய்த்து, வழித்து அவருக்கு ஊற்றியிருக்கிறாள் முத்துச்செல்வி. அது பிள்ளையின் சாயங்காலத்துத் தண்ணீர்.

"ஏட்டி, ஏன்ட்டி அதக் குடுத்த? ஒனக்கு வச்சிருந்ததுல்லா?" என்று கத்தினாள். அடிக்கக் கை ஓங்கினாள்.

முத்துச்செல்வி மலங்க மலங்க விழித்தாள். "வீட்டுக்கு வந்தவியளுக்கு அதத்தானம்மா குடுக்கணும்? நீதான சொல்லிக்குடுத்த."

ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. வெளியே ரோட்டில் பள்ளத்தை மூடுகிற மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"தாகமா இருக்கும்மா" என்றாள் முத்துச்செல்வி. தத்தித் தத்தி வந்து அம்மா கையிலிருந்த செம்பை வாங்கினாள். அண்ணாந்து அதிலிருந்த பம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். வள்ளிமயில் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு தண்ணீர் வீட்டில் இல்லை.